பதினேழாவது வாத்தியம்

காலையில் தாய்மார்கள் வேலைக்குப் போகையில் பதினேழு பிள்ளைகள் புள்ளைக் காம்பராவுக்குப் போனார்கள். சாயங்காலம் பதினாறு வாத்தியங்களும் ஒரு மௌனமும் வீடு திரும்பின. மூங்கிலாறு எஸ்டேட் மூணாம் டிவிஷனில் நடந்தது அவ்வளவுதான். ஏன் நடந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஏன் மழை பெய்கிறது, ஏன் அட்டை கடிக்கிறது என்றும் அங்கே யாரும் கேட்பதில்லை; பெய்தால் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொள்வார்கள், கடித்தால் உப்பு வைப்பார்கள்.

மௌனத்தைப் பெற்றவள் பவுனுத்தாய். கொழுந்து கிள்ளுகிறவள். தங்காமல் போன இரண்டுக்குப் பிறகு தங்கியது ரூபாவதி, நாலு வயசு. புருஷன் செல்லக்கண்ணு மருந்தடிக்கிற ஆள். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் செடிக்கு மருந்தடித்ததில் அவனுக்கு வாசனை தெரியாமல் போயிற்று, பேச்சும் பாதி குறைந்துவிட்டது. ஆகவே அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது ரூபாவதி மட்டும்தான். கதவு, கரண்டி, கோழி, கால்சட்டைப் பொத்தான் எல்லாவற்றோடும் பேசுவாள். "வாயை மூடு கழுதை" என்று பவுனுத்தாய் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு மாரில் அடித்துக்கொண்டாள்.

கூலிக்காரர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கிற லைனின் வழக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. சிறுத்தையை அங்கே புலி என்றுதான் சொல்வார்கள். பெரிய புலி வேறு, அது மனுஷனைத் தேடி வராது, இது வரும். இது லைனுக்கு வருகிற நேரம் வெளிச்சம் மங்குகிற நேரம். அந்த நேரத்துக்கு வாட்ச்மேன் இருளப்பன் லைனின் மேட்டில் டார்ச்சோடு நின்று பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை தன் வாயால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கடைசிப் பிள்ளை சொல்லும்வரை லைனில் ஒரு கதவும் சாத்தக் கூடாது. ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. பெற்றவளே ஆனாலும் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சோற்றுப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த ஒருத்தி பழக்க தோஷத்தில் உள்ளேயிருந்தபடி "இருக்கான்" என்று சொல்லிவிட்டாள். அவன் இல்லை. மறுநாள் தேயிலைக்குள் ஒரு செருப்பு கிடைத்தது. அன்றிலிருந்துதான் வழக்கம் இப்படி இறுகியது.

இனி வாத்தியார்.

கடல் தாண்டித் தேயிலை வாங்குகிறவர்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளின் அறிவும் கலையும் வளர்கிற எஸ்டேட்டுகளின் பாக்கெட்டில் மட்டும் ஒரு பச்சை முத்திரை குத்துவோம் என்று. எஸ்டேட் மேனேஜரான துரை அதைப் படித்தார். வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கண்டக்டர் படித்துவிட்டுப் பட்டணத்திலிருந்து கிளெமென்ட் என்ற சங்கீத வாத்தியாரை ஒரு நாளைக்கு மட்டும் பேசி வரவழைத்தார். வெள்ளைக்காரக் கச்சேரியில் நூறு பேர் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியங்களைப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் காட்டுகிற ஆள். வாத்தியங்கள் வரவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவில் குலுங்கி உடைந்துவிடும் என்று படம் மட்டும் வந்தது. சுருட்டி வைத்த ஒரு பெரிய தாள். அதில் பதினேழு படம்.

பவுனுத்தாய் அன்றைக்குத் தேயிலைக் காட்டுக்குப் போகவில்லை. முந்தின நாள் கத்தி விரலை வெட்டியிருந்ததால், பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்க அவளைப் புள்ளைக் காம்பராவில் விட்டிருந்தார்கள். ஆகவே அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஒரு மலை," என்று ஆரம்பித்தார் கிளெமென்ட். ஒல்லியான மனுஷன், சட்டைப் பொத்தான் ஒன்று வேறு நிறத்தில். "ஆயிரம் வருஷமாத் தூங்குது. ஊரே சேர்ந்து எழுப்பணும். எழுந்தாத்தான் மழை, எழுந்தாத்தான் சோறு. யார் எழுப்புறது?"

"நானு," என்று பதினேழு பேரும் கத்தினார்கள்.

"சத்தம் போட்டா எழுந்திருக்காது. இது சத்தத்துக்குப் பழகின மலை. ஒவ்வொருத்தரா, அவங்கவங்க குரல்ல போய்ப் பேசணும்." படத்தில் கை வைத்தார். "இது வயலின். காத்து மாதிரிப் போய்க் காதுல கிச்சுகிச்சு மூட்டும். நீ. இது செல்லோ. தொண்டை கட்டின அத்தை, அழுது முடிச்சிட்டுப் பேசுற மாதிரி. நீ. இது பஸூன், நாயனத்துக்குப் பெரியப்பா. ஆள் நெட்டை, பேச்சு மட்டும் ஏப்பம் விடுற மாதிரி."

ஜெபா என்ற பையன் சிரித்தான்.

"சிரிச்சேல்ல? நீதான் பஸூன்."

அப்படியே கொடுத்துக்கொண்டு போனார். சரசுவின் மகன் கோகுலுக்கு டிராம்போன், குழாயை நீட்டி நீட்டிப் பொய் சொல்கிறவன். தர்ஷினிக்குப் பிரெஞ்சு ஹார்ன், காட்டுக்குள் தொலைந்துபோய்த் தொலைந்தது தெரியாமல் கூப்பிடுகிறவள். டியூபா, தொந்தி முன்னால் வர ஆள் பின்னால் வருகிறவன். டிம்பனி, தாமிர அண்டாவில் தோல் கட்டிய இடி. ஒவ்வொன்றையும் வாயாலேயே வாசித்துக் காட்டினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பவுனுத்தாய் பார்க்கவில்லை. அந்த வாய்க்குள் அத்தனை பேர் குடியிருந்தார்கள்.

ரூபாவதிதான் கடைசி. படத்திலும் கடைசி ஒன்றுதான் மிச்சம். வளைத்த கம்பி, மூன்று மூலை.

"இது முக்கோணம். உனக்குத்தான் கஷ்டமான வேலை, பாப்பா. கதை முழுக்க நீ பேசவே கூடாது. மத்தவங்க வாசிக்க வாசிக்க நீ உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கணும். எண்ணத் தெரியுமா?"

"பத்து வரைக்கும்."

"போதும். பத்து வந்தா மறுபடி ஒண்ணு. கடைசியில மலை கண்ணைத் திறக்கிற இடம் வரும். அப்ப நான் உன்னைப் பார்த்துத் தலையாட்டுவேன். ஒரே ஒரு டிங். அதுலதான் மலை எழுந்திருக்கும். அதுவரைக்கும்?"

ரூபாவதி வாயை இறுக்க மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள்: ஒன்று, இரண்டு.

கதை நடந்தது. மலையிடம் வயலின் போனது, புல்லாங்குழல் போனது, டியூபா மூச்சு வாங்க ஏறிப் போனது. மலை புரண்டு படுத்தது. இடி போய் முழங்கியது. மலையின் இடது இமை லேசாகத் துடித்தது. பதினாறு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். ரூபாவதி ஏழில் இருந்தாள். அப்போது ஜீப் வந்தது.

கண்டக்டர் போனை நீட்டிப் போட்டோ எடுத்தார். நாலு எடுத்தார். பார்த்தார். திருப்தி.

"போதும் வாத்தியாரே. மூணு மணி பஸ்ஸ விட்டா நாளைக்குத்தான்."

"ரெண்டே நிமிஷம் சார். அந்தப் பாப்பாவுக்கு மட்டும்..."

"அடுத்த தடவை பாத்துக்கலாம். ஏறுங்க."

கிளெமென்ட் படத்தைச் சுருட்டினார். வாசலில் திரும்பி, "எண்ணிக்கிட்டே இரு கண்ணு, நான் தலையாட்டுற வரைக்கும்," என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை.

சாயங்காலம் இருளப்பன் மேட்டில் நின்று, "கோகுலூ!" என்றார். கீழே அவன் வாயிலிருந்து டிராம்போன் ஒன்று நீட்டி இழுத்துப் பதில் சொன்னது. இருளப்பன் தொண்டையைச் செருமினார். "ம். இருக்கான்." அடுத்த பெயர். செல்லோ. "இருக்கா." அடுத்தது பஸூன். "ஜெபா, அடக்கமாச் சொல்லுல. இருக்கான்." பதினாறும் முடிந்தது. "ரூபாவதீ!" பதில் இல்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. லைன் முழுக்க எல்லாக் கதவும் திறந்து கிடக்க, பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். இருளப்பன் இறங்கி வந்து டார்ச்சை அடித்துப் பார்த்தார். வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், உதடு ஒட்டி, மடியில் கை, விரல் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

"விரல் ஆடுது," என்றார் இருளப்பன். "இருக்கா. கதவைச் சாத்துங்க."

அவர் அப்படிச் சொன்னதும் அதுவும் வழக்கமாகிவிட்டது.

பிறகு லைன் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை? டிஸ்பென்சரி கம்பவுண்டர் பதினாறு தொண்டைக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்து, எல்லா வியாதிக்கும் கொடுக்கிற சிவப்பு மருந்தையே இதற்கும் கொடுத்தார். பிள்ளைகள் குடித்தார்கள், இன்னும் சுத்தமாக வாசித்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி இது அம்மன் இறங்கியது என்றார். சர்ச்சுக்காரர் இது வானத்துச் சம்மனசுகளின் வேலை என்றார். இரண்டு பேரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் என்று பிள்ளைகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். தாய்மார்கள் ஒரு மாதத்தில் பாஷை படித்தார்கள். ஓபோ மூன்று படி ஏறினால் பசி, கிளாரினெட் குழைந்து இறங்கினால் கால்சட்டை நனைந்துவிட்டது, டிராம்போன் நீட்டினால் நான் செய்யவில்லை என்று அர்த்தம், செய்தது அவன்தான். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் சேர்க்கத் தண்டவாளத் துண்டை அடிப்பதை விட்டுவிட்டு டிம்பனிப் பிள்ளையை ஒரு தடவை தும்ம வைத்தார் கண்டக்டர். யூனியன்காரர் வந்து சத்தம் போட்டு அதை நிறுத்தினார். பஞ்சவர்ணத்தின் மகள் கல்யாணத்தில் மேளக்காரர் வராமல் போனபோது சைலோபோன் தனியாகவே தாலி கட்டும் நேரத்தைச் சமாளித்தது. மாப்பிள்ளை வீட்டார் கீழிருந்து வந்தவர்கள், சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். லைன் அந்த அதிசயத்தை மடியில் கட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. புலி வரவில்லை.

இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வெளிச்சம் மங்கும் நேரம் தேயிலை ஓரத்தில் ஒன்றுக்கு உட்கார்ந்த தர்ஷினி, இருளப்பன் கூப்பிட்டதும் உட்கார்ந்தபடியே ஹார்னில் பதில் சொன்னாள். பத்தடி தள்ளிச் செடிக்குள் படுத்திருந்த ஒன்று எழுந்து, வயிறு தரையில் உரச, மேட்டுக்காட்டுப் பக்கம் ஓடியதை மூன்று பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு தடமும் இல்லை, எச்சமும் இல்லை. நாய்கள் கொழுத்தன. ஆடுகள் வெளியில் படுத்தன. பெண்கள் சொம்பை எடுத்துக்கொண்டு தனியாகப் பின்பக்கம் போனார்கள்; போகிறபோது பேசிச் சிரித்தார்கள். அறுபது வருஷத்து லைனில் அந்த நேரத்துச் சிரிப்பு அதுதான் முதல்.

பவுனுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

ரூபாவதி பேசவில்லை, அழவுமில்லை. விழுந்து முட்டி கிழிந்தால் வாய் திறக்கும், பிறகு ஞாபகம் வந்ததுபோல் மூடிக்கொள்ளும். சாப்பிடும்போது இடது கையால் எண்ணினாள். தூங்கும்போதும் விரல் ஆடியது. யார் முகத்தைப் பார்த்தாலும் கண்ணைத்தான் பார்த்தாள், எப்போது தலை ஆடும் என்று. பவுனுத்தாய் ஆட்டிப் பார்த்தாள். எதிரே உட்கார்த்தி வைத்து, "இந்தா, ஆட்டிட்டேன், சொல்லு தாயி, டிங்னு சொல்லு, அம்மான்னு சொல்லு, ஏதாச்சும் சொல்லு," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்டினாள். பிள்ளை அவளைப் பரிதாபமாகப் பார்த்தது, தொழில் தெரியாதவரைத் தொழில் தெரிந்தவர் பார்க்கிற மாதிரி. இடம் இன்னும் வரவில்லை. ஆறு, ஏழு, எட்டு.

"போய் அந்த ஆளைக் கூட்டிட்டு வாரேன்," என்றாள் பவுனுத்தாய்.

செல்லக்கண்ணு மருந்து டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான். "வேணாம் பவுனு. எண்ணிக்கிட்டாவது இருக்கா."

அவள் கேட்கவில்லை. நாற்பது வளைவும் இறங்கி, இரண்டு நாள் விசாரித்து, கீழே ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் அவரைப் பிடித்தாள். ஜன்னலில் நின்று பார்த்தாள். அதே மலை, அதே தூக்கம், அதே டியூபா மூச்சு வாங்கியது. இடது இமை துடித்ததும் ஒரு டீச்சர் வந்து போட்டோ எடுத்தாள். கதை நின்றது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு வீட்டில் வேறு கதைகள் இருந்தன.

"முடிக்கவே மாட்டீங்களா சார்?" என்றாள் பவுனுத்தாய்.

கிளெமென்டுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சொன்னபிறகு தெரிந்தது. மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது எடத்துல சொல்லிட்டேம்மா. மலை எழுந்திருக்கிற எடம் ஒரு எடத்துலயும் வந்ததில்ல. போட்டோ வந்துரும்."

"எம் புள்ள இன்னும் எண்ணுது சார்."

"இன்னுமா?"

"பத்து வரைக்கும்தான் தெரியும். பத்து பத்தா எண்ணுது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட வரச் சொன்னாள்; கம்பெனி கூப்பிடாமல் கேட்டில் காவல்காரன் விடமாட்டான் என்றார், அது உண்மைதான். "தலையாட்டுறது யாருன்னு முக்கியமில்லம்மா, எடம்தான் முக்கியம். பதினாறும் ஒண்ணாச் சேர்ந்து வாசிக்கணும். சேர்ந்து ஏறும், ஏறும், ஒரு எடத்துல எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு எடுக்க நிப்பாங்க. ஒரு குழி மாதிரி. அதுல ஆட்டுங்க, அடிப்பா. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்குங்க. கதை முடிஞ்சா வாத்தியமெல்லாம் பெட்டிக்குள்ள போயிரும், பிள்ளைங்களுக்குப் பழைய குரல்தான். இன்னொண்ணு, முக்கோணத்துக்கு ஒரே ஒரு அடி. அதுக்கப்புறம் அவளுக்குன்னு எழுதினது எதுவும் கிடையாது."

"ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும் சார் எனக்கு."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பெற்றவள் அவசரம் அப்படி.

லைனில் விஷயத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. வந்ததும் சொல்லிவிட்டாள். மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள்.

"ஏ பவுனு," என்றாள் சரசு, டிராம்போனின் தாய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "ஒம்புள்ள பேசணும்னா எம்புள்ள புலி வாய்க்குள்ள போகணுமாக்கும்? நல்ல நியாயம்டி."

"அப்படிச் சொல்லலியே மதினி."

"வேற எப்படி? வாத்தியம் போச்சுன்னா அது வரும். வருமா வராதா? நீயே சொல்லு."

"கோகுலு ஒங்கள அம்மான்னு கூப்பிட்டு எத்தன மாசம் ஆச்சு? கேக்கணும்னு இல்லையா ஒங்களுக்கு?"

சரசு இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். கோபம் இறங்கியது, இறங்கியது இன்னும் மோசமாக இருந்தது. "கொழாய்லதான் கூப்பிடுதான். எனக்கு வெளங்குது. உசுரோட கூப்பிடுதான், பவுனு."

பதினாறு பிள்ளைகளையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக வாசிக்க விடக் கூடாது என்று முடிவானது. அன்றிலிருந்து மூன்று பேருக்கு மேல் சேர்ந்து விளையாடினால் யாராவது ஒருத்தி வந்து பிரித்துவிடுவாள். இருளப்பன் முறை தவறாமல் சாயங்காலம் வந்து ரூபாவதியின் விரலைப் பார்த்தார். இருக்கா. கதவைச் சாத்துங்க.

லைனின் முடிவு லைனுக்குள்தான் செல்லும். முத்திரை குத்துகிறவர்கள் வந்தார்கள். மூன்று பேர், வெயில் தொப்பி, சிவந்த கழுத்து. வாத்தியப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். பதினாறு பேரையும் குளிப்பாட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கு, துரை பங்களாப் புல்தரையில் நிறுத்தச் சொல்லி உத்தரவு. மாட்டோம் என்று சொன்னால் லைனைக் காலி செய்யச் சொல்வார்கள். பெண்கள் கூடிப் பேசி ஒன்று செய்தார்கள்: பவுனுத்தாயை அன்றைக்கு ஆகக் கடைசிக் காட்டுக்கு, பதினாலாம் நம்பருக்கு அனுப்பும்படி கண்டக்டரிடம் சொன்னார்கள். கூட இரண்டு பேரைக் காவலும் போட்டார்கள். தலையாட்ட ஆள் இல்லாவிட்டால் கதை முடியாது. வாசித்துவிட்டு வரட்டும்.

பன்னிரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது. பவுனுத்தாய் கூடையை ஒரு செடிமேல் வைத்தாள், தலைத்துணியை அதன்மேல் போட்டாள். காவலுக்கு நின்றவர்கள் அந்தத் துணியைப் பார்த்தபடி நின்றார்கள். அவள் சரிவில் உட்கார்ந்து வழுக்கியே இறங்கி, புள்ளைக் காம்பராவில் தனியாக எண்ணிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பங்களாவின் ஹைட்ரேஞ்சாப் புதருக்குப் பின்னால் வந்து நின்றபோது வயலின் ஆரம்பித்திருந்தது.

ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் மாதக்கணக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள், சேர்ந்ததும் கதை முதலிலிருந்து தானாகக் கிளம்பியது. வயலின் போய்க் காதைத் தொட்டது, செல்லோ தன் தொண்டைக்கட்டோடு வந்து உட்கார்ந்தது, பஸூன் தள்ளாடி ஏறியது, ஹார்ன் தான் தொலைந்ததைக் கண்டுபிடித்துவிட்டது போலக் கூப்பிட்டது, டியூபா ஏறியது, டிராம்போன் முதன்முறையாகப் பொய் சொல்லாமல் ஏறியது. வேலைக்காரர்கள், சமையல்காரர், ஜீப் டிரைவர், சிவந்த கழுத்துக்காரர்கள், துரை எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். சரசு தலைமேல் கை வைத்துக்கொண்டு அழுதாள். மூடுபனி விலகி எதிர்மலை தெரிந்தது. இடுப்பிலிருந்த பிள்ளையின் விரல்கள் பவுனுத்தாயின் தோளில் எண்ணின, எட்டு, ஒன்பது. இடி எழுந்தது, பதினாறும் ஒன்றாக ஏறின, ஏறின, ஏறி நின்றன. மூச்செடுக்க நின்றன. குழி.

அந்தக் குழியில் சரசு திரும்பிப் பார்த்தாள். புதருக்குப் பின்னால் பவுனுத்தாயைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று கண்ணால் கேட்டாள். பவுனுத்தாயும் அவளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு தடவை தலையாட்டினாள்.

ரூபாவதி வாயைத் திறந்தாள்.

டிங்.

மெல்லிய சத்தம்தான். ஆனால் காட்டின் கடைசிச் செடிவரை போனது. பதினாலாம் நம்பரில் நின்றவர்களுக்குக் கேட்டது. மருந்து டப்பாவை நிறைத்துக்கொண்டிருந்த செல்லக்கண்ணுவுக்கு, பல வருஷத்துக்குப் பிறகு, ஒரு நொடி மருந்து வாசனை தெரிந்தது. எதிர்மலை கண்ணைத் திறந்தது. பெரிய, ஈரமான, பழுப்புக் கண். எஸ்டேட்டைப் பார்த்தது, லைனைப் பார்த்தது, புல்தரையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல் மூடிக்கொண்டு மறுபடி தூங்கப் போய்விட்டது.

"அம்மா, ஒண்ணுக்கு வருது," என்றான் கோகுல்.

பதினாறு பிள்ளைகளும் பிள்ளைகளின் குரலில் அழவும் பேசவும் ஆரம்பித்தார்கள். சரசு மகனை வாரி அணைத்துக்கொண்டாள். அணைத்துக்கொண்டே தேயிலைப் பக்கம் பார்த்தாள். சிவந்த கழுத்துக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கண்டக்டர் போட்டோ சரியாக விழவில்லை என்று கத்தினார்.

பவுனுத்தாய் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். "சொல்லு தாயி. இன்னொருக்கா. அம்மா சொல்லு." ரூபாவதி அவளைப் பார்த்தாள். கண்ணைத் தேடிப் பார்க்கவில்லை, எதற்கும் காத்திருக்கவில்லை. வேலை முடிந்துவிட்ட ஆள் பார்க்கிற பார்வை. கையைப் பிடித்துத் திருப்பினாள் பவுனுத்தாய். விரல்கள் விரித்தபடி கிடந்தன. ஆடவில்லை.

நாலாம் நாள் புலிக்கு ஒரு நாய் போயிற்று. பத்தாம் நாள் பஞ்சவர்ணத்தின் ஆடு. ஆடுகளை உள்ளே கட்டினார்கள், சொம்பை எடுத்துக்கொண்டு நாலைந்து பேராகப் போனார்கள், சிரிக்கவில்லை. அதற்கும் பழகிக்கொண்டார்கள். பவுனுத்தாயிடம் யாரும் பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் வந்தால் குடத்தை நகர்த்தி இடம் விடுவார்கள், அவ்வளவுதான். ஏசியிருந்தாலாவது ஒரு குரல் கேட்டிருக்கும்.

செல்லக்கண்ணு சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியிருந்தான்.

வெளிச்சம் மங்கும் நேரம் இருளப்பன் மேட்டில் வந்து நிற்கிறார். "கோகுலூ!" "இருக்கேன்!" "ஜெபா!" "இருக்கேன் மாமா!" "தர்ஷினீ!" பதினாறு குரல். கடைசியில், "ரூபாவதீ!" ஒன்று, இரண்டு, மூன்று முறை. லைன் முழுக்கக் கதவுகள் திறந்து கிடக்கின்றன. தேயிலைக்குள் எங்கோ ரம்பம் அறுப்பதுபோல் புலி இருமுகிறது. இருளப்பன் இறங்கி வருகிறார், டார்ச்சைப் பிள்ளையின் கையில் அடிக்கிறார்.

பவுனுத்தாய் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் மடிமேல் போட்டிருக்கிறாள். முந்தானைக்கு அடியில் தன் கையை விட்டுப் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக மடக்குகிறாள், நிமிர்த்துகிறாள். ஒன்று. இரண்டு. மூன்று. துணிக்கு வெளியே விரல் நுனி மட்டும் தெரிகிறது. நிமிர்ந்து இருளப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை அவள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று என்று போகிறாள்.

இருளப்பன் பார்க்கிறார். வெளிச்சம் துணிமேல் நெடுநேரம் நிற்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது.

"விரல் ஆடுது," என்கிறார். "கதவைச் சாத்துங்க."